ஞாயிற்றுக்கிழமை காலைப் பத்து நிமிடம்: சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள், வேளச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறி, ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜினுக்குள் புகுந்திருந்த தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் போய், கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாவியைத் தொடாமல் இருந்திருந்தால் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றி, அதோடு முடிந்திருக்கும். இன்ஜினை இறக்கிச் செய்ய வேண்டி வந்தது. காப்பீட்டிலும் அந்தச் செலவு வரவில்லை. வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, தண்ணீர் நுழைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்றார்கள்.

அந்தக் கார் ஐந்து வருஷமாக என்னிடம் இருந்தது. ஒரு முறைகூட நானாக பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை. பாலிசியையும் படித்ததில்லை. சர்வீஸ் சென்டர் பார்த்துக்கொள்ளும், ஏஜென்ட் பார்த்துக்கொள்வார், வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று எல்லாவற்றையும் அடுத்தவர் கையில் விட்டிருந்தேன். கார் கெட்டுப்போவதற்கும் களவு போவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மெக்கானிக் ஆக வேண்டாம். நம் வண்டி வழக்கமாக எப்படி இருக்கும் என்று நம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: காகிதங்களைச் சரி செய்யுங்கள்

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்றிதழ்), காப்பீடு, புகைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம். இந்த நான்கையும் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் ஏற்றிவிடுங்கள். போலீஸ் சோதனையில் அவை செல்லும். அசல் ஆர்.சி.யை காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். வண்டியோடு ஆர்.சி.யும் போனால் திருடனுக்கு விற்பது எளிது, உங்களுக்கு காப்பீடு வாங்குவது கடினம்.

காப்பீட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கானது) எடுத்தாக வேண்டும். பத்திரத்தில் மூன்று வருஷம் என்று பார்த்ததும், எல்லாமே மூன்று வருஷத்துக்கு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நம் வண்டிக்கு வரும் சேதத்தையும் திருட்டையும் கவனிக்கும் 'ஓன் டேமேஜ்' பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் எடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வருஷம் அதைப் புதுப்பிக்காவிட்டால், சட்டப்படி நீங்கள் சரியாகத்தான் ஓட்டுகிறீர்கள். ஆனால் வண்டி திருடு போனால் ஒரு ரூபாய் வராது. இப்போதே பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அதே பத்திரத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும், காப்பீட்டுக்காக வண்டிக்குப் போட்ட மதிப்பு அது. வண்டி திருடு போனாலோ முழுக்க அழிந்தாலோ அதை வைத்துத்தான் பணம் தருவார்கள். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்னைக்காரர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டிய கூடுதல் பாதுகாப்பு ஒன்று உண்டு என்றால் அது, தண்ணீர் புகுந்து இன்ஜின் கெடுவதைக் கவனிக்கும் இன்ஜின் புரொடெக்ஷன். புது வண்டிக்கு 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' சேர்த்தால், திருட்டு நேரும்போது ஐ.டி.வி.க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கிடைக்கும்.

பழைய கார் வாங்குகிறீர்களா? விற்பவரின் பேச்சைவிட வண்டியின் சேஸி எண்ணை நம்புங்கள். உடலில் பொறித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொறித்த இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில், அந்த வண்டி திருட்டு வழக்கில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று தொலைந்துவிட்டது என்றால், தொலைந்த சாவியைக் கணினியில் நீக்கித் தரச் சொல்லுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் கொடுத்தவரின் உரிமைப் பதிவு) கேன்சல் ஆகியிருக்க வேண்டும்.

விற்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது ஒன்று. பணம் வாங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற பிறகு அந்த வண்டி யாரையாவது மோதினால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டுக்கே வரும். பெயர் மாறியதை எம்-பரிவாகனில் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். கே.கே. நகர், திருவான்மியூர் என எந்த ஆர்.டி.ஓ.வாக இருந்தாலும் விண்ணப்பத்தின் நிலையை இணையத்தில் பார்க்க முடியும்.

இரண்டாவது படி: வாராவாரம் பத்து நிமிடம்

நான் ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் கீழே இறங்கிவிடுவேன். இன்ஜின் ஆறியிருக்கும், தரை சமமாக இருக்கும். இந்த இரண்டும் இருந்தால்தான் பார்ப்பது சரியாக இருக்கும்.

ஏறுவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஏசி ஓடிய பிறகு சொட்டும் தெளிந்த தண்ணீர் இயல்பானது. கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு இருந்தால் பெரும்பாலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை வழிந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காற்று எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். பங்க்கில் காற்றுப் பிடிக்கும் தம்பி "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு சார்" என்பார். அவர் கணக்கு வேண்டாம், ஸ்டிக்கர் கணக்கே சரி. கத்திரி வெயிலில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். ஆகவே காலையில், வீட்டுக்கு அருகில் பிடியுங்கள். மாதம் ஒரு முறை ஸ்டெப்னிக்கும் பிடியுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மாற்ற வேண்டிய நேரம் அது. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அது தயாரான வாரமும் வருஷமும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருஷத்தில் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். சென்னை வெயிலில் நிற்கும் வண்டிக்கு இதில் சலுகை கிடையாது.

பானெட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் ஆயில் இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கூலன்ட் தொட்டியை வெளியிலிருந்தே பார்க்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தால் ஊற்ற வேண்டியது மேனுவலில் சொன்ன கூலன்ட்தான், குழாய்த் தண்ணீர் அல்ல. நம் ஊர் போர்த் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படியும்.

பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். காய்ந்த பிறகு கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரிக்குக் குளிரைவிட வெயிலே எமன். மூன்று நான்கு வருஷம் ஆகிவிட்டால், காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா என்று காது கொடுங்கள். பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு எடுக்க வேண்டி வந்தால் வரிசை முக்கியம்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. மறுமுனை செத்த வண்டியின் பேட்டரியில் அல்ல. அதிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில்.

பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும் என்பதால் அது பேட்டரிக்குத் தள்ளி இருக்க வேண்டும். கழற்றும்போது வரிசையைத் திருப்புங்கள்.

கடைசியாக விளக்குகள். பிரேக்கை மிதித்தால் பின்பக்கச் சிவப்பு இரண்டும் எரிகிறதா என்பதை வீட்டில் ஒருவரை நிறுத்தி உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னால் வருபவரின் உயிர் அந்த இரண்டு பல்புகளில் இருக்கிறது.

மூன்றாவது படி: வண்டி பேசும்போது கேளுங்கள்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தால் ஓரிரு நாளில் காட்டுங்கள். சிவப்பு வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பில் மிக ஆபத்தானது எண்ணெய்க் குடுவைப் படம். ஆயில் குறைவு, வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சொல்வது ஆயிலின் அழுத்தம் போய்விட்டது என்பதை. அதோடு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் இன்ஜினுக்குள் இரும்பு இரும்போடு உரசுகிறது. கத்திப்பாராவில் இருந்தாலும் சரி, ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். வெப்பநிலை முள் சிவப்பில் ஏறினாலும் அதேதான்.

பிரேக் மிதிக்கும்போது கீச்சென்று சத்தம் தொடர்ந்து வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் அல்லது காற்று. 80-ஐத் தாண்டும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங்.

நான்காவது படி: சர்வீஸுக்கு விடும்போது

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்று தள்ளிப் போடாதீர்கள். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியின் இன்ஜின், கிலோமீட்டர் காட்டுவதைவிட அதிகம் உழைத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. கடலோரக் காற்றில் இதை மறக்கவே கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால் வாட்டர் சர்வீஸில் வண்டியின் அடிப்பக்கத்தையும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தைத்தான்.

ஒரு சர்வீஸ் சென்டரில் ஏசி ஃபில்டர் மாற்றியதாக எனக்கு பில் போட்டார்கள். பழைய ஃபில்டரில் நான் பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அதே கோடு. திரும்பப் போய்க் காட்டினேன், பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அன்றிலிருந்து நான்கு பழக்கங்கள் வைத்திருக்கிறேன். என்னென்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குவேன். கூடுதலாக எது செய்வதானாலும் போனில் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்வேன். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்வேன். இன்ஜின் ஃபிளஷ், டீகார்பனைசிங் என்று எதையாவது நீட்டினால், வண்டியின் மேனுவலில் எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்பேன். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். அப்படி ஒருவர் உங்கள் தெருமுனையில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

உதிரிபாகம் வாங்க ஜி.பி. ரோடு இருக்கிறது, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. கதவுக் கைப்பிடி, கண்ணாடி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இல்லாத பாகம் யாரோ ஒருவரின் களவு போன வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஐந்தாவது படி: அக்டோபருக்கு முன் மழைக்குத் தயாராகுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரிலேயே வைப்பர் ரப்பர், டயர், பேட்டரி, கதவு ரப்பர் நான்கையும் பார்த்துவிடுங்கள். வெயிலில் காய்ந்த வைப்பர் கண்ணாடியில் கோடு கோடாக விட்டுச் செல்லும்; அதோடு ஈ.சி.ஆரில் இரவு மழையில் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரி.

தண்ணீர் நிற்கும் தெருவில் எதிரில் வரும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். பாதிச் சக்கரம் மூழ்கினால் திரும்பிவிடுங்கள். சுரங்கப்பாதையில் நுழையவே வேண்டாம். துரைசாமி, கணேசபுரம், ரங்கராஜபுரம் எல்லாம் எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பது நமக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் கொஞ்சம் தண்ணீரில் போக வேண்டி வந்தால் முதல் கியரில், ஒரே சீராக, நிறுத்தாமல் போங்கள். வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய வையுங்கள். நடுவில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேடான இடத்துக்கு மாற்றுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அடித்தளப் பார்க்கிங்கில் நின்ற எத்தனையோ கார்கள் மூழ்கின. 2024 அக்டோபரில் மழை என்றதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை நாடே பார்த்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் பாலத்தில் ஆம்புலன்ஸ் போகும் வழி அடைபடக் கூடாது. மேட்டில் இருக்கும் உறவினர் வீடு, அலுவலகத்தின் மேல்தளப் பார்க்கிங் என்று மழைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

எல்லாம் மீறி வண்டி மூழ்கிவிட்டதா? தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் இழுவை வண்டியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாவியைத் தொடாதீர்கள்.

ஆறாவது படி: தெருவும் நம்முடையதுதான்

பதினெட்டு வயது ஆகாத மகனிடமோ மகளிடமோ, தெருவுக்குள்தானே என்று சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். குழந்தையைக் காரில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள், ஐந்து நிமிடம் என்றாலும். மூடிய கார் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும். பின் இருக்கையில் உட்காருபவரும் பெல்ட் போட வேண்டும். அடுத்த வீட்டு கேட்டையும் சரிவுப் பாதையையும் அடைத்து நிறுத்தக் கூடாது. நிறுத்தும் இடத்தில் உங்கள் போன் எண்ணை ஒரு அட்டையில் எழுதி வைத்தால் பாதிச் சண்டை இல்லாமல் போகும்.

ஏழாவது படி: திருடனுக்கு நேரத்தைக் கொடுக்காதீர்கள்

கண்ணாடியை உடைத்து, வயரை உரசி ஸ்டார்ட் செய்யும் காலம் போய்விட்டது. இம்மொபிலைசர் வந்த பிறகு, சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாது. அதனால் திருட்டு இப்போது சாவியைச் சுற்றித்தான் நடக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்க மெக்கானிக் பயன்படுத்தும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகி சில நிமிடங்களில் புதுச் சாவியைப் பதிவு செய்துவிடுகிறார்கள். சாவி போடாமலே திறக்கும் வண்டி என்றால், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலில் நின்று பிடித்து வண்டிவரை கடத்தும் முறை இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எளிது, நாமே சாவியைக் கொடுத்துவிடுவது.

அதனால் சாவியிலிருந்து தொடங்குங்கள். வாட்டர் சர்வீஸ், ஹோட்டல் வாலே, ஆக்டிங் டிரைவர் யாராக இருந்தாலும் கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். வீட்டுச் சாவி சேர்ந்த கொத்தைக் கொடுக்காதீர்கள். வாலேயில் டோக்கன் வாங்குங்கள். ஆக்டிங் டிரைவரின் உரிமத்தைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். டீக்கடையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க இறங்காதீர்கள். சாவியை விட்டுவிட்டுப் போனதால் நடந்த திருட்டில் காப்பீட்டுத் தொகையைக் குறைப்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். சிக்னல் சாவியை வாசல் மேஜையில் வைக்காமல், சிக்னலைத் தடுக்கும் பையிலோ இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ வையுங்கள். டப்பாவில் வைத்தபடியே வண்டியருகே கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது கண்ணில் படும் பூட்டு. ஜி.பி. ரோட்டில் கியர் லாக் பொருத்தித் தருவார்கள். ஸ்டீயரிங் லாக், வீல் கிளாம்ப்கூடப் போதும். கருவியால் சாவி செய்பவன் இரும்பை அறுக்க நேரம் செலவழிக்க விரும்ப மாட்டான், அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். ஓ.பி.டி. சாக்கெட்டுக்கும் பூட்டு கிடைக்கிறது.

மூன்றாவது ஜி.பி.எஸ். கருவி. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால் முதலில் அதைத்தான் பிடுங்குவார்கள். சொந்தமாகச் சின்ன பேட்டரி உள்ள கருவியாக வாங்கி மறைவாகப் பொருத்துங்கள். சிம் ரீசார்ஜ் முடிந்து செத்துக் கிடக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். ஃபாஸ்டேக் உங்கள் சொந்த போன் எண்ணோடு இணைந்திருக்கட்டும். திருடியவன் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்தால், பரனூர் அல்லது வானகரம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வரும். எல்லாக் கண்ணாடியிலும் சேஸி எண்ணைப் பொறித்துவிட்டால் அத்தனையையும் மாற்றாமல் விற்க முடியாது.

தெருவில் நிறுத்துபவர்கள் விளக்குக் கம்பத்துக்குக் கீழே, ஏதாவது கேமரா பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். முன்பக்கம் சுவரை ஒட்டி, சக்கரத்தை ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தினால் இழுத்துச் செல்வது கடினம். மூடிய கவரோடு வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார், வீட்டில் ஆளில்லை என்று அறிவிப்பது போல. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

தமிழ்நாட்டில் தனியாக எச்சரிக்க வேண்டியது மாத வாடகை மோசடி. தெரிந்தவர் மூலமாக ஒருவர் வருவார். கம்பெனிக்கு வண்டி வேண்டும், மாதம் இவ்வளவு தருகிறோம் என்று ஒப்பந்தம் போடுவார். முதல் இரண்டு மாதம் பணம் சரியாக வரும். அதற்குள் வண்டி வேறு ஊரில் அடமானத்தில் இருக்கும். நீங்களே சாவியைக் கொடுத்ததால் இது மோசடி வழக்காகத்தான் பதிவாகும். திருட்டுக்கான காப்பீட்டைப் பெறுவது பெரும் போராட்டம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவதே விதிமீறல் என்பது தனி. விற்க விளம்பரம் போட்டவர்கள், ஓட்டிப் பார்க்கிறேன் என்று வருபவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வண்டிக்குள் இருக்கும் பொருளுக்கும் இது பொருந்தும். டயரில் காற்று இல்லை சார், பானெட்டில் ஆயில் ஒழுகுது, கீழே உங்கள் பணம் கிடக்கிறது. இப்படி யாராவது கண்ணாடியைத் தட்டினால் இறங்காமல், பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போய்ப் பாருங்கள். வங்கியிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு வரும் நாளில் இது இன்னும் முக்கியம். லேப்டாப் பையை டிக்கியில் வைப்பதென்றால் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள், நிறுத்தும் இடத்தில் எல்லோரும் பார்க்க வைக்காதீர்கள்.

எட்டாவது படி: வண்டி காணவில்லை என்றால்

1. முதல் பத்து நிமிடத்தில் 100 அல்லது 112. போக்குவரத்துப் போலீஸ் இழுத்துச் சென்றிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஜி.பி.எஸ். காட்டினாலும் நீங்களே துரத்திப் போகாதீர்கள். இடத்தைப் போலீஸிடம் சொல்லுங்கள்.

2. அன்றே புகார். வண்டி நின்ற இடத்துக்குரிய காவல் நிலையம் வசதி. வேறு நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து மாற்றி அனுப்ப வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கான பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303. பதிவு எண், சேஸி எண், இன்ஜின் எண், கீறல், ஸ்டிக்கர் போன்ற அடையாளங்கள், கடைசியாகப் பார்த்த நேரம், இரண்டு சாவியும் உங்களிடம் இருக்கும் விவரம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

3. காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் இதைச் சொல்லலாம். ஆனாலும் தாமதிக்காமல் இருப்பதே நல்லது.

4. தெருவில் உள்ள கடைகள், வீடுகளின் கேமராப் பதிவைக் கேளுங்கள். சில நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். அதனால் இதில் போலீஸுக்குக் கைகொடுப்பது நம் வேலை.

5. ஆர்.டி.ஓ.வுக்கு எஃப்.ஐ.ஆர். நகலோடு கடிதம், பெயர் மாற்றம் நடக்காமல் தடுக்க. கடன் இருந்தால் வங்கிக்கும். ஃபாஸ்டேக்கை உடனே முடக்காதீர்கள், போலீஸிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அது வழி காட்டக்கூடும்.

வண்டி கிடைக்கவே இல்லை என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறை தரும் சான்றிதழ், ஆர்.சி., பாலிசி, இரண்டு அசல் சாவி ஆகியவற்றை நிறுவனம் கேட்கும். கடன் பாக்கி போக மிச்சம்தான் உங்களுக்கு வரும்.

கிடைத்துவிட்டால், வண்டி வழக்குச் சொத்தாக நிலையத்தில் நிற்கும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனு போடலாம். வண்டிகளை நிலையத்தில் நீண்ட நாள் நிறுத்தி வைத்துத் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையில் வந்ததும் நேராக வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள். இழுவை வண்டியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிரேக், டயர், ஆயில் பாருங்கள். பூட்டு செட்டை மாற்றி, பழைய சாவிகள் எல்லாவற்றையும் கணினியில் நீக்கிய பிறகே மறுபடி தெருவில் நிறுத்துங்கள்.